பதினோரு ஆண்டு சபை, எட்டு ஆண்டு சிறை

தமிழ்நாட்டில் 'முன்னாள்' என்ற சொல்லுக்குத் தனி மவுசு உண்டு. முன்னாள் எம்.எல்.ஏ. என்று கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்கிறார்கள். பதவி போய் இருபது ஆண்டு ஆனாலும் அந்தப் பட்டம் மட்டும் போவதில்லை. ஏன் போகவில்லை? அந்த ஐந்து வருஷம்தான் அவர்கள் வாழ்க்கையின் சிகரம்! அதற்கு முன்பு அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்பு அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோழர் என்.சங்கரய்யாவும் முன்னாள் எம்.எல்.ஏ.தான். ஒரு முறை அல்ல, மூன்று முறை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1967-இல் மதுரை மேற்குத் தொகுதி. 1977-இலும் 1980-இலும் மதுரை கிழக்குத் தொகுதி. ஆனால் 2023 நவம்பர் 15 அன்று, நூறு வயதைத் தாண்டி அவர் மறைந்தபோது, செங்கொடி போர்த்திய அந்த உடலைப் பார்க்க வந்த தொழிலாளிகளில் எத்தனை பேர் 'முன்னாள் எம்.எல்.ஏ. போய்விட்டாரே' என்று அழுதிருப்பார்கள்? ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார். அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பத்தாவது வரியில்தான் சட்டசபை வரும். இது எப்படி நேர்ந்தது? இன்றைக்குக் கட்சி வேலையில் நிற்கும் இளைஞர்களும், ஓட்டுப் போட்டுவிட்டு ஐந்து வருஷம் ஏமாந்து நிற்கும் தொழிலாளிகளும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1967 முதல் 1971 தொடக்கம் வரை ஒரு சபை. 1977 நடுவிலிருந்து 1980 பிப்ரவரி வரை ஒரு சபை. 1980 நடுவிலிருந்து 1984 கடைசி வரை ஒரு சபை. கூட்டினால் ஏறக்குறைய பதினோரு ஆண்டு. அவர் சிறையில் கழித்த காலம் எட்டு ஆண்டு. இது போக, தலைக்கு மேல் வாரண்டு தொங்க, தலைமறைவாகத் திரிந்த காலம் ஏறத்தாழ மூன்று ஆண்டு. எட்டும் மூன்றும் பதினொன்று! சபையில் அவர் உட்கார்ந்த ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக ஒரு நாளை அவர் கம்பிக்குள்ளோ, தலைமறைவிலோ முன்கூட்டியே கட்டிவிட்டார். நாற்காலிக்கு இப்படி விலை கொடுத்தவர்கள் இன்று எத்தனை பேர்? சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைப்பது அரிது.

பரீட்சைக்கு முன்பே வந்த போலீஸ்

1922 ஜூலை 15-இல் பிறந்தவர் சங்கரய்யா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தார். வீட்டார் அவரைப் பற்றிக் கண்ட கனவு என்னவாக இருக்கும் என்று நாம் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பி.ஏ. படித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று சர்க்கார் உத்தியோகம். மற்றொன்று வக்கீல் கோட்டு. சங்கரய்யா மூன்றாவது வாசலில் நுழைந்தார். அது சிறை வாசல்.

1941 பிப்ரவரி மாதம். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது அடக்குமுறை பாய்ந்தது. அதைக் கண்டித்து மதுரை மாணவர்கள் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். வெள்ளை சர்க்காருக்கு அந்தத் துண்டுக் காகிதமே பீரங்கியாகத் தெரிந்தது போலும்! சங்கரய்யா கைதானார். கடைசிப் பரீட்சைக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. பரீட்சை நடந்தது, அவர் எழுதவில்லை. பட்டம் போயிற்று. கிடைத்தது பதினெட்டு மாதச் சிறை. அதோடு முடியவில்லை. வெளியே வந்த 1942-ஆம் ஆண்டே மீண்டும் கைது; 1944 வரை சிறை.

படிப்பை முடித்துவிட்டு அரசியலுக்கு வரலாமே என்று அன்றும் புத்தி சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பட்டம் வாங்கு, பதவி வாங்கு, சொத்து சேர், பிறகு பொதுத்தொண்டு செய்! இந்த வரிசையில் வந்தவர்கள் நான்காவது படிக்கு வருவதே இல்லை. மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த இடம் அவர்களுக்கு அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முந்தைய மாலை

1946-இல் பம்பாயில் கப்பற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நாடெங்கும் தொழிலாளிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். மதுரையும் நின்றது. மதுரை அப்போது வெறும் கோயில் நகரம் அல்ல. ஹார்வி மில்லின் சங்கு ஊதினால் விடிந்து, சங்கு ஊதினால் இருட்டும் தொழிலாளர் நகரம். அந்தத் தொழிலாளிகள் சங்கம் சேர்வதைப் பொறுக்காத அதிகாரவர்க்கம் அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு சதி வழக்கைக் கொண்டுவந்தது. பி.ராமமூர்த்தி, கே.டி.கே.தங்கமணி, சங்கரய்யா முதலிய தலைவர்கள் உள்ளே போனார்கள். சதி என்ன? தொழிலாளியிடம் 'ஒன்று சேர்' என்று சொன்னதுதான் சதி!

விடுதலை எப்போது வந்தது தெரியுமா? 1947 ஆகஸ்ட் 14. நாட்டுக்கு விடுதலை நள்ளிரவில். அவர்களுக்கு விடுதலை அன்றே. யூனியன் ஜாக் இறங்கும் வரை அவர்களை உள்ளேயே வைத்திருந்தது வெள்ளை சர்க்கார். சுதந்திரப் போராட்டத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் இந்தத் தேதியை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொண்டால் போதும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் அவருக்குத் திருமணம். மணமகள் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியை. மதம் குறுக்கே வரவில்லை. மதநல்லிணக்கத்தை மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் ஜாதகம் பார்ப்பவர் அல்ல அவர்.

சுதந்திரம் வந்தது; ஆனால் தலைமறைவு போகவில்லை. 1948-இல் கட்சி மீது தடை. மீண்டும் வேட்டை, மீண்டும் சிறை. 1962-இல் சீனாவுடன் எல்லைச் சண்டை வந்தபோது ஆறு மாதம் உள்ளே. 1964 ஏப்ரல் 11 அன்று, கட்சியின் தேசிய கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். அந்த 32 பேரில் ஒருவர் சங்கரய்யா. மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும் முன்பே விலங்கு பூட்டியது காங்கிரஸ் ஆட்சி. பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்தச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது பதினாறு மாதம். வெளியே வந்தது 1966-இல்.

அடுத்த ஆண்டு தேர்தல். மதுரை மேற்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். சிறையிலிருந்து சபைக்கு! அந்தப் பயணத்துக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. வேட்பாளரின் சொத்துக் கணக்கைப் பார்த்து ஓட்டுப் போடும் காலம் அல்ல அது. எத்தனை வருஷம் உள்ளே இருந்தார் என்ற கணக்கைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள்.

பதினோரு பேர் என்ன செய்ய முடியும்?

1967 தேர்தல் தமிழ்நாட்டின் சரித்திரத்தைத் திருப்பிப் போட்டது. காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது, அண்ணா முதலமைச்சரானார். 234 பேர் கொண்ட சபையில் மார்க்சிஸ்டுகள் 11 பேர்.

இங்கே எதிரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். அதை நாமே கேட்டுவிடுவோம். 1967-இல் தி.மு.க.வோடு அணி. 1977-இலும் 1980-இலும் அண்ணா தி.மு.க.வோடு அணி. கூட்டணித் தயவில் வந்த வெற்றிதானே இது? தனியாக நின்ற 1971-இல் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லையே?

உண்மைதான். அதை மூடி மறைத்து என்ன பயன்? தமிழ்நாட்டின் தேர்தல் களத்தில் தொழிலாளி வர்க்கக் கட்சிக்குத் தனியாக ஆட்சியைப் பிடிக்கும் பலம் இருந்ததில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. கூட்டணியின் தோளில் ஏறிச் சபைக்குப் போனவர், போன பிறகு யாருடைய குரலில் பேசினார்? இதுதான் கேள்வி. தோள் கொடுத்தவன் குரலிலா? ஓட்டுக் கொடுத்தவன் குரலிலா?

1967 ஜூலை 18. சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டும் தீர்மானத்தை அண்ணா கொண்டுவந்தார். சபை ஏகமனதாக ஏற்றது. கம்யூனிஸ்டுகளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1961-இல் ராஜ்யசபையில் அதே பெயருக்காக மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்டான பூபேஷ் குப்தா. அன்று தோற்ற மசோதா இன்று வென்றது. தமிழே ஆட்சிமொழி, தமிழே பயிற்றுமொழி, தமிழே நீதிமன்ற மொழி ஆக வேண்டும் என்பது சங்கரய்யா கடைசிவரை விடாத கோரிக்கை. நல்லதை அரசு கொண்டுவந்தால் அதற்கு ஓட்டு. இது ஒரு பக்கம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1968 டிசம்பர் 25. தஞ்சைத் தரணியில் கீழ்வெண்மணி. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட, செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்த விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். யார் ஆட்சியில்? கூட்டணி கண்டு, கைகோத்து, ஓட்டுக் கேட்டு அமைந்த ஆட்சியில்! 'நம்முடைய ஆட்சிதானே' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியுமா? செங்கொடி இயக்கம் பேசாமல் இருக்கவில்லை. நாடெங்கும் எழுந்த கோபத்துக்கு முன்னால் அரசும் பேசாமல் இருக்க முடியவில்லை. விசாரணைக் கமிஷன் வந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை எழுதியது யார்? கோட்டையில் உட்கார்ந்த அதிகாரிகள் என்று கெஜட் சொல்லும். சாம்பலான அந்த 44 பேர் என்று சரித்திரம் சொல்லும். தோழர்களே, சட்டசபையைப் பற்றி நாம் புரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது. சட்டங்கள் சபைக்குள்ளே பிறப்பதில்லை. அவை வயலில் பிறக்கின்றன. மில் வாசலில் பிறக்கின்றன. பல சமயம் ரத்தத்தில் பிறக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் போவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் எம்.எல்.ஏ. வெளியே போராட்டம் இல்லாவிட்டால் உள்ளே அவருக்குத் தூக்கிப்போக ஒன்றுமில்லை. உள்ளே அவர் இல்லாவிட்டால் வெளியே எழுந்த குரல் கோட்டை மதிலில் மோதித் திரும்பிவிடும். பதினோரு பேர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அந்தப் பதினோரு பேரும் பதினோரு வாசல்கள்.

கலைத்தாலும் கலையாதவர்

1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சர். சங்கரய்யா மீண்டும் சபையில். மார்க்சிஸ்ட் கட்சியின் குழுத் தலைவர். ரேஷன் கடை பட்டணத்தோடு நிற்கக்கூடாது, கிராமத்து ஏழைக்கும் அரிசி போய்ச் சேர வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர் ஒருவர். பெரிய தத்துவப் பேச்சு அல்ல, அரிசிப் பேச்சு! ஆனால் அரை வயிற்றுக்காரனுக்கு அதைவிடப் பெரிய தத்துவம் ஏது?

1980 ஜனவரியில் லோக்சபைத் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரஸ் - தி.மு.க. அணி பெருவெற்றி பெற்றது. அதைக் காரணமாக வைத்து, பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அமைச்சரவையை டில்லி கலைத்தது. ஐந்து வருஷத்துக்கு மக்கள் கொடுத்த ஓட்டை மூன்று வருஷம்கூட ஆகுமுன் ஒரே கையெழுத்தில் கிழித்தார்கள். அதே ஆண்டு நடந்த சட்டசபைத் தேர்தலில் மக்கள் கலைத்தவர்களுக்குப் பாடம் புகட்டினார்கள். மதுரை கிழக்கு மக்கள் சங்கரய்யாவை மறுபடியும் அனுப்பினார்கள்.

சபை கலைந்தால் சிலர் வாழ்வே கலைந்துபோகிறது. வீட்டு வாசலில் கூட்டம் குறைகிறது. டெலிபோன் மணி அடிப்பதில்லை. உடனே அடுத்த கட்சியின் வாசலில் போய் நிற்கிறார்கள். சங்கரய்யாவுக்குக் கலைந்துபோக ஒன்றுமில்லை. சபை கலைந்த மறுநாள் அவர் போவதற்கு ஒரு இடம் இருந்தது. அது கட்சி ஆபீஸ், விவசாயிகள் சங்க ஆபீஸ், பொதுக்கூட்ட மேடை. எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பும் அவர் போய்க்கொண்டிருந்த இடங்கள்தான்.

சம்பளக் கணக்கு

பணத்தைப் பற்றிப் பேசாமல் எம்.எல்.ஏ.க்களைப் பற்றிப் பேச முடியாது. கம்யூனிஸ்ட் இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எம்.எல்.ஏ. சம்பளம் கட்சி நிதிக்குப் போகும். கட்சி கொடுக்கும் அலவன்ஸில் எம்.எல்.ஏ. குடும்பம் நடத்துவார். நாற்காலி அவருடைய சொத்தல்ல. கட்சி கொடுத்த வேலை. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு காட்சியை வைத்துப் பாருங்கள். 2018 ஜனவரி. பஸ் தொழிலாளிகள் தமிழ்நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது சம்பளத்தை 2.57 மடங்கு கணக்கில் நிர்ணயிக்க வேண்டும் என்று. அரசு சொன்னது 2.44 மடங்கு. இடையில் இருந்த வித்தியாசம் 0.13. அந்தப் புள்ளிக் கணக்குக்குக் கஜானாவில் காசில்லை என்றார்கள். அதே வாரத்தில், அதே சட்டசபையில், எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தும் மசோதா வந்தது. முன்னாள் எம்.எல்.ஏ.க்களின் பென்ஷனையும் 12,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுவும் முந்தைய ஆண்டு ஜூலையிலிருந்து முன்தேதியிட்டு!

வண்டி ஓட்டியவனுக்கு அரைக்கால் மடங்கு தர மனம் வரவில்லை. வண்டியில் ஏறாதவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதில் தனி மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்காலியைச் சிகரமாக நினைப்பவர்கள் நிரம்பிய சபையில் இப்படித்தான் நடக்கும். நாற்காலியை வேலையாக நினைப்பவர்கள் எத்தனை பேரை அனுப்பினோம் என்று ஓட்டுப் போட்ட நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1984-க்குப் பிறகு சங்கரய்யா எம்.எல்.ஏ. இல்லை. அப்போது அவருக்கு வயது 62. உத்தியோகஸ்தராக இருந்தால் ஓய்வு பெற்றிருப்பார். இவரோ எழுபத்திரண்டு வயதைக் கடந்து, 1995-இல் கட்சியின் மாநிலச் செயலாளரானார். 2002 வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். தென்மாவட்டங்களில் ஜாதி மோதல்களும், 1998-இல் கோவையில் குண்டுவெடிப்பும் தமிழ்நாட்டைக் குலுக்கிய காலம் அது. மக்கள் ஒற்றுமையைப் பற்றி மேடைக்கு மேடை அந்த வெண்கலக் குரல் ஒலித்தது. சட்டசபை அவரை விட்டுப் போய்விட்டது, மக்கள் போகவில்லை.

கொடுத்ததும் மறுத்ததும்

2021-இல் தமிழ்நாடு அரசு 'தகைசால் தமிழர்' என்ற விருதை ஏற்படுத்தியது. முதல் விருது சங்கரய்யாவுக்கு. விருதோடு பத்து லட்சம் ரூபாய். கொரோனாக் கொடுமை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பத்து லட்சத்தையும் அப்படியே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார் அவர். பெருந்தொகை படைத்தவர் கொடுத்தால் அது தர்மம். ஆயுள் முழுவதும் கட்சி அலவன்ஸில் வாழ்ந்தவர் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? அவரைக் கேட்டால் வழக்கம் என்றிருப்பார்.

இரண்டாண்டு கழித்து இன்னொரு செய்தி வந்தது. அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. மதுரையில் பட்டத்துக்குப் படித்து, பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்பு பட்டத்தைப் பறிகொடுத்தவர் அல்லவா? எண்பத்திரண்டு ஆண்டு கழித்து, அதே ஊரின் பல்கலைக்கழகம் பட்டத்தை எடுத்துக்கொண்டு வருகிறது! ஆனால் ஒரு கையெழுத்து வேண்டும். வேந்தர் என்ற முறையில் கவர்னர் ஆர்.என்.ரவி கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. 2023 நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா நடந்தது. அந்தப் பட்டம் மட்டும் வழங்கப்படவில்லை. உயர்கல்வி அமைச்சர் பொன்முடி விழாவைப் புறக்கணித்தார். பதிமூன்றாம் நாள் சங்கரய்யா மறைந்தார்.

1941-இல் வெள்ளைக்காரப் போலீஸ் தடுத்தது. 2023-இல் கவர்னர் மாளிகைப் பேனா தடுத்தது. மக்கள் யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாதவர்களே இரண்டு முறையும் தடுத்தவர்கள்! இதில் நஷ்டம் யாருக்கு? பட்டம் இல்லாததால் சங்கரய்யா ஒரு அங்குலமும் குறையவில்லை. அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் வாய்ப்பை இழந்தது அந்தப் பட்டம்தான்.

அரசு மரியாதையுடன், துப்பாக்கிகள் முழங்க, சென்னையில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. எந்தப் போலீஸ் அவரைத் துரத்தித் துரத்திப் பிடித்ததோ, அதே போலீஸ் துறை விறைத்து நின்று சல்யூட் அடித்தது. சரித்திரத்துக்கும் கிண்டல் பேசத் தெரியும்!

தேர்தல்கள் வரும், போகும். வேட்பாளர்கள் கைகூப்பி வருவார்கள். அவர்களிடம் எல்லோரும் கேட்பது, 'வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்வது சுலபம், அச்சடித்தே வைத்திருப்பார்கள். தொழிலாளித் தோழனே, இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேள். இதற்கு முன்பு எங்கே இருந்தீர்கள்? தோற்றுப்போனால், அல்லது காலம் முடிந்தால், மறுநாள் காலை எங்கே போவீர்கள்?

முதல் கேள்விக்குச் சங்கரய்யாவின் பதில் சிறைப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அவருடைய பதில், 1984-க்குப் பிறகு அவர் ஏறிய ஒவ்வொரு மேடையிலும் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல முடிந்தவனைச் சபைக்கு அனுப்பு. பதில் சொல்லத் திணறுபவன் வாசலில் வந்து நின்றால், அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடு. ஓட்டைக் கொடுத்து அனுப்பாதே!